கஞ்சத்தனத்துக்குக் கைதட்டாதீர்கள்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கீழ் டிவிஷனிலிருந்து மேலே ஏறி வந்த கால்பந்து கிளப், வந்த முதல் கோடையிலேயே காசை எடுத்து வெளியே வைக்க வேண்டும். நிறையவே வைக்க வேண்டும். அப்படி வைக்காத கிளப்பை ‘மண்ணின் மணம்’, ‘குடும்ப உணர்வு’ என்றெல்லாம் கொண்டாடுவது ரசனை அல்ல, சோம்பல். அந்தக் கொண்டாட்டத்துக்கான பில்லை நாம் கட்டுவதில்லை என்பதால்தான் அது நமக்கு இவ்வளவு இனிக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் சனிக்கிழமை ராத்திரி பிரீமியர் லீக் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. பாதிப் பேர் என்னைப்போல் ஐ.டி.க்காரர்கள். மேட்ச் முடிந்து அம்மா மண்டபம் பக்கம் நடக்கும்போது, யார் ஆடினார்கள் என்பதெல்லாம் மறந்துபோய், பேச்சு ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும்: “ஃபுல்ஹாமைப் பாத்தியா? பத்து கோடி பவுண்டைக் கொட்டினான், என்ன ஆச்சு?” எல்லோரும் தலையாட்டுவார்கள். விவாதம் முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தை முழு பலத்தோடு வைத்துவிட்டு ஆரம்பிப்பதுதான் நியாயம்.

ஃபுல்ஹாம் 2018 கோடையில் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது உண்மை. அந்த சீசனில் மூன்று மேனேஜர்கள் மாறினார்கள், 26 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் இறங்கினார்கள். இதைவிட வலுவான ஆதாரமும் இருக்கிறது. 2023-24இல் மேலே வந்த மூன்று கிளப்களும் இறங்கின. 2024-25இல் வந்த மூன்றும் இறங்கின. ஆறுக்கு ஆறு! இவற்றில் பர்ன்லி, இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் எதையும் யாரும் கஞ்சன் என்று சொல்ல முடியாது. இப்ஸ்விச் 10 கோடி பவுண்டைத் தாண்டிச் செலவழித்து 22 புள்ளி எடுத்தது. சவுத்தாம்ப்டன் எடுத்தது 12. ஆகவே காசு உயிர் காக்காது, கேஸ் க்ளோஸ்.

இங்கேதான் எனக்குள் இருக்கும் இன்ஜினியர் எழுந்துகொள்கிறான். ஒரு மருந்து சாப்பிட்ட பத்துப் பேரில் ஏழு பேர் செத்தார்கள் என்றால் அந்த மருந்து வேஸ்டா? மருந்து சாப்பிடாத பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் எப்படிச் சொல்வீர்கள்?

சாப்பிடாதவர்களைப் பார்ப்போம். 2019இல் நார்விச் கிட்டத்தட்ட கையைக் கட்டிக்கொண்டு மேலே வந்தது. 21 புள்ளி, கடைசி இடம். 2023இல் ஷெஃபீல்ட் யுனைடெட், சீசன் தொடங்கும் நேரத்தில் தன் சிறந்த வீரர்களான இலிமான் என்டியாயேவையும் சாண்டர் பெர்கேவையும் விற்றது. 38 ஆட்டங்களில் 104 கோல் வாங்கி, 16 புள்ளியோடு போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் லூட்டன். சின்ன ஸ்டேடியம், வீடுகளுக்கு நடுவே நுழைவாசல், அழகான கதை. உலகமே உருகியது. 26 புள்ளியோடு இறங்கினார்கள். அதோடு நிற்கவில்லை, அடுத்த வருஷம் இன்னொரு டிவிஷனும் கீழே போனார்கள். உருகியவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டாவது இறக்கத்தைப் பார்த்தார்கள்?

“ஷெஃபீல்ட் 2019-20இல் பெரிசா செலவில்லாம ஒன்பதாவது வந்தாங்களே?” வந்தார்கள். அடுத்த சீசனில் 23 புள்ளியோடு கடைசியாக வந்தார்கள். “பிரென்ட்ஃபோர்ட்?” பிரென்ட்ஃபோர்ட் சிக்கனமான கிளப் அல்ல, புத்திசாலித்தனமாகச் செலவழித்த கிளப். இரண்டும் ஒன்றல்ல.

*

நம் ஆட்கள் செய்யும் அடிப்படைப் பிழை இது: டிரான்ஸ்ஃபர் தொகையைக் கல்யாணச் செலவு மாதிரி பார்க்கிறார்கள். சாப்பிட்டாச்சு, பந்தலைப் பிரிச்சாச்சு, காசு போயாச்சு. ஆனால் 21 வயது வீரனை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்குவது, நிலம் வாங்குவது மாதிரி. கணக்குப் புத்தகத்திலும் அந்தத் தொகை ஐந்து வருஷத்துக்குப் பிரித்துத்தான் எழுதப்படும். அணி தோற்றாலும் அந்த வீரன் கிளப்பின் சொத்து.

அந்த இப்ஸ்விச்சையே எடுத்துக்கொள்வோம். லியாம் டிலாப்பைச் சுமார் 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். இறங்கியதும் செல்சிக்கு 3 கோடிக்கு விற்றார்கள். சுமார் 2 கோடிக்கு வாங்கிய ஒமாரி ஹட்சின்சன் 3.75 கோடிக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போனார். மைதானத்தில் படுதோல்வி, கல்லாவில் தோல்வி இல்லை. பர்ன்லி 2023இல் ஜேம்ஸ் டிராஃபோர்ட் என்ற இளம் கோல்கீப்பருக்குச் சுமார் 1.5 கோடி கொடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இறங்கினார்கள். ஆனால் அந்த ஆள் கோலில் நிற்க, அடுத்த சீசனில் 46 ஆட்டங்களில் வெறும் 16 கோல் மட்டும் வாங்கி, 100 புள்ளியோடு திரும்ப மேலே வந்தார்கள். பிறகு அவரை மான்செஸ்டர் சிட்டிக்கு 2.7 கோடிக்கு விற்றார்கள். லூட்டன் இரண்டு மாடி விழுந்ததையும் பர்ன்லி ஒரு மாடி விழுந்து எகிறி வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆஸ்டன் வில்லா 2019 கோடையில் சுமார் 14 கோடி செலவழித்து ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பியது. அந்த ஒரு புள்ளியும், ஷெஃபீல்டுக்கு எதிரான ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிய பந்தைக் கோல்லைன் கருவி கவனிக்காமல் விட்டதால் கிடைத்தது. அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீட்டு வாங்கினவனுக்குத்தானே லாட்டரி விழும்? அந்தக் கோடையில் வாங்கிய எஸ்ரி கோன்சா பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். டக்ளஸ் லூயிஸ் பெருந்தொகைக்கு யுவெண்டஸ் போனார். வில்லா சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போனது. சண்டர்லாண்ட் 2025 கோடையில் 15 கோடிக்கு மேல் செலவழித்து, அந்த வருஷம் முடியும்போது அட்டவணையின் மேல்பாதியில் உட்கார்ந்திருந்தது.

செலவழிப்பவன் ஏன் ஊதாரியாகத் தெரிகிறான் என்பதற்கு விதிகளிலும் ஒரு காரணம் உண்டு. 2025-26 சீசன் வரையிலான விதிப்படி, பிரீமியர் லீகில் ஒரு கிளப் மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். ஆனால் கீழ் டிவிஷனில் இருந்த வருஷத்துக்கு 1.3 கோடிதான் கணக்கு. 23 வருஷம் கழித்து 2022இல் மேலே வந்த ஃபாரஸ்ட்டுக்கு ஆகவே 6.1 கோடிதான் அனுமதி. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாக்கெட் மணி, புதுசாக வந்தவனுக்கு அதில் பாதி சொச்சம், ஆனால் பரீட்சை ஒன்று. முதல் சீசனிலேயே சுமார் 30 பேரை வாங்கிய ஃபாரஸ்ட் வரம்பை மீறியது, 2024 மார்ச்சில் நான்கு புள்ளி வெட்டினார்கள். எல்லோரும் கேலி செய்தார்கள். அப்போதும் தப்பிய அந்த ‘கோமாளி’ கிளப், 2024-25இல் 65 புள்ளியோடு ஏழாவதாக வந்து ஐரோப்பியப் போட்டிக்குப் போனது.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த எதிர்வாதம் ஒன்றுதான். சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் தங்கள் ‘சாக்கர்னாமிக்ஸ்’ நூலில் இங்கிலாந்து கிளப்களின் இருபது வருஷக் கணக்கை அலசி, அட்டவணை இடத்தின் ஏற்ற இறக்கத்தில் 16 சதவீதத்தைத்தான் டிரான்ஸ்ஃபர் செலவு விளக்குகிறது, சம்பளச் செலவோ 92 சதவீதத்தை விளக்குகிறது என்றார்கள். சரி. ஆனால் இது சிக்கனவாதிகளுக்குச் சாதகமான செய்தியா? டிரான்ஸ்ஃபரில் மிச்சம் பிடிப்பவன் சம்பளத்தில் அள்ளிக் கொடுக்கிறானா என்ன? செலவை எங்கே வைக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. செலவழிக்காதே என்று சொல்லவில்லை.

*

இந்த ரொமான்ஸ் இங்கிலாந்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். நம் நாட்டில் அது ஆட்களைக் காவு வாங்குகிறது.

ஐஸால் எஃப்.சி. 2017இல் ஐ-லீக் ஜெயித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். முந்தைய சீசனில் இறக்கப்பட்டு, மறுபடி சேர்க்கப்பட்டு, மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்திய மிசோரம் கிளப். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் பயிற்சியாளர் காலித் ஜமீல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். ஜெயேஷ் ரானே, அசுதோஷ் மேத்தா போன்ற முக்கிய வீரர்களும் கிளம்பிவிட்டார்கள். நம்ம சென்னை சிட்டி? கோயம்புத்தூரைத் தளமாகக்கொண்டு, பெத்ரோ மான்சியின் 21 கோல்களோடு, 2018-19இல் ஈஸ்ட் பெங்காலை ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன். 43க்கு 42. அந்த மார்ச் மாதம் தமிழ்நாட்டில் கால்பந்து பார்க்கிறவன் எவனும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான். 2021-22 சீசனில் ஐ-லீகில் அந்த கிளப்பே இல்லை. சாம்பியன் பட்டத்துக்கும் இல்லாமல் போனதற்கும் நடுவே மூன்றே வருஷம்.

இந்தியாவில் டிரான்ஸ்ஃபர் தொகை என்பது அபூர்வம். ஒப்பந்தங்கள் குறுகியவை. வருஷம் முடிந்தால் வீரன் கிளம்பிவிடுவான், கிளப்புக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. பர்ன்லி செய்ததை ஐஸால் செய்யவே முடியாது. ‘குறைந்த பட்ஜெட்டில் ஜெயித்தார்கள்’ என்று நாம் பூரிக்கும்போது, அந்தக் குறைந்த பட்ஜெட் என்பது பெரும்பாலும் வீரர்களின் சம்பளம்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

1891இல் தொடங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங் 2024இல் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறி வந்தது. 24 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. அதில் ஒன்று சென்னையில், நம் சென்னையினுக்கு எதிராக. மொத்தம் 13 புள்ளி, கடைசி இடம். சீசன் நடுவிலேயே சம்பள பாக்கிச் செய்திகள், பயிற்சியைப் புறக்கணித்த வீரர்கள், பாக்கியைக் காரணம் காட்டி விலகிய பயிற்சியாளர். அந்த சீசனில் ஐ.எஸ்.எல்.லில் இறக்கம் கிடையாது. அதனால் கிளப் தப்பித்தது. மாசம் பொறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையனை எந்த விதி காப்பாற்றியது?

பொன்மலை ரயில்வே மைதானங்களில் நன்றாக ஆடும் பையனிடம் என்ன ஆகணும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிளப் பெயர் வராது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, ஐ.சி.எஃப்., ஏதாவது ஒரு பேங்க் என்பான். அதைக் கேட்டு “நம்ம பசங்களுக்கு லட்சியம் இல்லை” என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லட்சியம் இருக்கிறது சார், சம்பளத் தேதிதான் இல்லை. இந்தியன் பேங்க் அணி ஒரு காலத்தில் தேசிய கால்பந்து லீகிலேயே ஆடியது. அதில் ஆடியவர்களுக்குக் கால் உடைந்தாலும் வேலை உடையவில்லை.

*

“ஆத்துல போட்டாலும் அளந்து போடு” என்று என்னிடம் சொல்வார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்தவனிடமே ஆற்றைப் பற்றிப் பாடம். அந்தப் பழமொழியை இன்னொரு தடவை படியுங்கள். போடாதே என்று அது சொல்லவில்லை. போடுவதை அளக்கச் சொல்கிறது. கடைசி நாள் பதற்றத்தில் ஐந்து பேரை அள்ளிப் போடுவது அளக்காதது. இளம் வீரனுக்கு நீண்ட ஒப்பந்தம், இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்து, பயிற்சி மைதானம், அகாடமி, இவை அளந்தவை.

எங்கள் ஊர் ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றது. போட்டவர்கள் போய்விட்டார்கள், ஆட்சிகள் மாறின. ஆனால் அடித்தளத்தில் அவர்கள் இறக்கிய கல் அப்படியே இருந்ததால்தான் 1987இல் அதன்மேல் 13 நிலைகளும் 236 அடியும் எழ முடிந்தது. அடியில் மிச்சம் பிடித்திருந்தால் பின்னால் வந்தவன் எதன்மேல் கட்டியிருப்பான்?

அடுத்த முறை ஏதாவது ஒரு ஏழைக் கிளப் ஜெயித்த கதை உங்கள் டைம்லைனில் வரும். வைரல் ஆகும். பகிருங்கள், தப்பில்லை. பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: அந்த வீரர்களின் ஒப்பந்தம் எத்தனை வருஷம்? போன மாசச் சம்பளம் வந்துவிட்டதா? மூன்று வருஷம் கழித்து அந்த கிளப் இருக்குமா? பதில் தெரியாமல் கைதட்டினால், நீங்கள் கைதட்டுவது கால்பந்துக்கு அல்ல. இன்னொருத்தன் வீட்டு அடுப்பில் மிச்சம் பிடித்த விறகுக்கு.