'ஃபேமிலி பேக்ரவுண்ட்' கேட்கிற விளம்பர கம்பெனிகளுக்கு

விளம்பர ஏஜென்சியில் கிளையன்ட் சர்வீசிங் வேலைக்கு நேர்காணல் போய் வந்த நம் பிள்ளைகள் சொல்லும் கதை ஒன்றுதான். "அப்பா என்ன பண்றார்? எந்த ஸ்கூல்? சென்னையில எந்த ஏரியா?" வேலை பற்றிய கேள்வி அதற்கப்புறம்தான். கண்ணகி நகர் என்று உண்மையைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது. இரண்டு நாள் கழித்து 'கல்ச்சர் ஃபிட் இல்லை' என்று மெயில் வருகிறது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் பெயரில் கிடைக்காததை இவர்கள் தெருவில் தேடுகிறார்கள்.

இது நம் கற்பனையா? 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் மேலாளர்களிடம் பேசியிருந்தார்கள். 'எங்களுக்குத் திறமை மட்டும்தான் முக்கியம்' என்றவர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

சரி, அந்த வேலையில் அப்படி என்ன பரம்பரை ரகசியம் இருக்கிறது? கிளையன்டிடம் பிரீஃப் வாங்கணும். அவர் வளவளவென்று பேசியதை கிரியேட்டிவ் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதணும். எஸ்டிமேட் போடணும், ஒப்புதல் வாங்கணும், இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு தேதிக்குள் வேலையை முடிக்கணும். மீட்டிங்கில் யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று அன்றைக்கே மெயில் போடணும். கடைசியில் பில் பணத்தை விரட்டி வாங்கணும். பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீஸ் படியேறி, மனு எழுதி, கையோடு ரசீது வாங்கி வைத்து, மூன்று மாதம் விடாமல் அலைந்து பழகிய பிள்ளைக்கு இதில் எது வராது? ஆங்கிலமா? ஆங்கிலத்தை ஆறு மாதத்தில் தேற்றிக்கொள்ளலாம். இவர்கள் கேட்பது ஆங்கிலமே இல்லை, கான்வென்ட் உச்சரிப்பு.

நாம் அந்த அறையில் இல்லாததன் விலை என்ன என்பதற்கு 2023 ஜூனைப் பாருங்கள். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு சொமேட்டோ ஒரு விளம்பரம் வெளியிட்டது. 'லகான்' படத்தில் வரும் கச்ரா என்ற தலித் பாத்திரத்தை, அதே நடிகரை வைத்து, மேசையாகவும் விளக்காகவும் பூந்தொட்டியாகவும் காட்டியது. கச்ரா என்றால் குப்பை. மறுசுழற்சி பற்றிய நகைச்சுவையாம்! எதிர்ப்பு கிளம்பியது, விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது, தேசியப் பட்டியலின ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு விளம்பரம் வெளியே வருவதற்குள் எத்தனை கை மாறும்! ஐடியா, ஸ்கிரிப்ட், ஒப்புதல், படப்பிடிப்பு, எடிட். அத்தனை மேசைகளையும் தாண்டித்தான் அது வந்தது.

தோழர்கள் சிலர், "முதலாளிக்கு சோப்பு விற்கிற வேலை நமக்கு எதற்கு? குரூப் 4 எழுது" என்கிறார்கள். எழுதட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இடஒதுக்கீடு அரசு வேலையோடு நிற்கிறது, அரசு வேலையோ சுருங்கிக்கொண்டே போகிறது. தனியார் கதவை நாமே சாத்திவிட்டு வந்தால் நஷ்டம் யாருக்கு?

ஆகவே கேட்போம். வேலை காலியிருந்தால் வெளிப்படையாக அறிவியுங்கள், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்வதை நிறுத்துங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை ஒழியுங்கள். சென்னையில் வாடகை கொடுத்து மூன்று மாதம் சும்மா உழைக்க யார் வீட்டில் பணம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்பாவின் தொழிலைக் கேட்கும் கேள்வியை உங்கள் படிவத்திலிருந்து எடுங்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: தில்லி ஐ.ஐ.எம்.சி. மத்திய அரசு நிறுவனம். விளம்பரம், மக்கள் தொடர்புப் படிப்பு அங்கே உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. ஏற்கெனவே நேர்காணலுக்குத் தேதி வாங்கியவர்கள், என்ன கேள்வி கேட்டார்கள் என்பதை வெளியே வந்த உடனே தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு வழக்கு என்று போனால் அந்தக் காகிதம் தேவைப்படும்.