விளையாட்டிலே கண்ட வறுமை

மணலிலே சிற்றில் இழைத்துச் சிறுசோறு அட்டு மகிழும் சிறுமியரைத் தமிழ்ப் புலவர் பலரும் பாடியுள்ளனர். பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றிலுக்கென ஒரு பருவமே வகுக்கப்பட்டுள்ளது. நாளை நடத்தவேண்டிய இல்லறத்தை இன்றே நடத்திப் பார்க்கும் பயிற்சி அவ்விளையாட்டு. ஆயின் அச்சிறுசோற்றில் ஒரு குறை உண்டு. மணல் ஒருநாளும் தீர்ந்துபோவதில்லை. அரிசி தீர்ந்துபோகும் வீட்டை நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஏதேனும் உண்டோ?

உண்டு. 2006 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதி மாணாக்கர் சிலர், 'குளோபல் கிட்ஸ்' என்னும் அமைப்பின் வழிகாட்டலில், 'கேம்லாப்' என்னும் நிறுவனத்தாருடன் சேர்ந்து, 'அயிட்டி: வாழ்வின் விலை' என்றொரு கணினி விளையாட்டை ஆக்கினர். ஹெயிட்டி நாட்டுச் சிற்றூர்க் குடும்பமொன்றை நான்காண்டு காலம் நடத்துவதே ஆட்டம். தாய், தந்தை, மக்கள் மூவர். ஒவ்வொரு பருவத்திலும் யார் வேலைக்குச் செல்வது, யார் பாடசாலைக்குச் செல்வது, யார் ஓய்வது என்று ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். கல்விக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலை வேண்டும். வேலையோ உடலைத் தின்னும். உடல் நோயுற்றால் கைப்பணம் கரையும். இதுவே அதன் சுழற்சி.

அது இயங்கிய பிளாஷ் மென்பொருள் 2020 இறுதியோடு கைவிடப்பட்டமையால், யான் அவ்விளையாட்டைத் தாளிலே வரைந்து எங்கள் தேற்றாத்தீவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். தந்தை வாவியில் வலை வீசுவார். அன்றேல் படுவான்கரையில் போடியாரின் வயலுக்கு வேளாண்மை வேலைக்குப் போவார். தாய் பன்பாய் இழைப்பாள்; அன்றேல் மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வீட்டுப் பணிக்குச் செல்வாள். காசுக்குப் புளியங்கொட்டை. வெள்ளம், வருத்தம், நுண்கடன் தவணை ஆகியவற்றைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி வைத்தேன். ஆண்டுக்கு நான்கு பருவமாக 16 சுற்று.

பத்தாந் தரத்து மாணாக்கர் மூன்று குழுவாக ஆடினர். முதற்குழு மக்கள் மூவரையும் உடனே பாடசாலைக்கு அனுப்பிற்று. மூன்றாஞ் சுற்றிலே தந்தை நோயுற, கடனில் வீழ்ந்தது. இரண்டாங்குழு மூவரையும் வேலைக்கு விட்டது, கொட்டைகள் குவிந்தன, ஆயின் நல்ல வேலை ஒன்று சீட்டில் வந்தபோது அதற்கேற்ற கல்வி எவரிடமும் இல்லை. மூன்றாங்குழு மட்டும் இறுதிச் சுற்றுவரை தாக்குப்பிடித்தது. அதனை நடத்தியவன், வகுப்புக்கு வாரத்தில் இருநாள் வாராதிருக்கும் ஒரு சிறுவன். ஒவ்வொரு சுற்றிலும் சில கொட்டைகளை அவன் தனியே ஒதுக்கிவைத்தான். காரணம் வினவினேன். "வருத்தம் வருந்தானே, சேர்" என்றான். மூத்த மகளை ஏன் மறித்தாய் என்றேன். "அக்கா வீட்டில நிண்டாத்தான் தம்பி படிக்கப் போகலாம்" என்றான்.

யான் வாயடைத்து நின்றேன். என்னை? அவனுடைய தாய் கடல்கடந்த நாட்டில் இருக்கிறாள் என்பதும், தங்கைக்குக் காய்ச்சல் வரும் நாள்களில் அவனே வீட்டில் நிற்கிறான் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தன. முன்னைத் தவணையின் தேர்ச்சி அறிக்கையில் அவன் பெயருக்கு நேரே 'அக்கறையற்றவன்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

ஆசிரியர் ஓய்வறைகளில் யாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: "படிப்பு இலவசம், பெற்றோருக்குத்தான் பொறுப்பில்லை." இவ்விளையாட்டை ஒருமுறை ஆடியவர் அச்சொல்லை எளிதிற் சொல்லார். எங்கிருந்து நோக்கினும் தவறாகத் தோன்றும் ஒரு முடிவு, அவ்வீட்டின் அடுக்களையிலிருந்து நோக்குங்கால் ஒன்றே வழியாகத் தோன்றும்.

இனி, இதனினும் ஆழ்ந்த பாடம் ஒன்றுண்டு. அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் மகீ 1904 இல் 'நிலவுடைமையாளர் விளையாட்டு' என்ற பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலவாடகை ஏழையை எவ்வாறு நசுக்குகிறது என்று காட்டுவதே அவர் நோக்கம். அந்த ஒரே பலகைக்கு அவர் இருவகை விதி வகுத்தார். ஒருவகையில் ஒருவனே அனைத்தையும் விழுங்குவான். மற்றதில் செல்வம் பலர்க்கும் பரவும். முன்னையதே பின்னாளில் 'மொனோபொலி' ஆகி உலகெங்கும் விலைபோயிற்று. பலகை ஒன்றே, பகடை ஒன்றே, விதி மாறியபோது முடிவும் மாறிற்று.

நம் நாட்டிலும் விதியை மாற்றியவர் உண்டு. கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1945 இல் இலவசக் கல்வியை நடைமுறைப்படுத்தினார். எம் தந்தையர் தலைமுறை எழுத்தறிந்தது அவர்கள் ஆட்டத்தில் வல்லவராயிருந்தமையால் மட்டுமன்று. 1980 முதல் பாடநூலும், பின்னர்ச் சீருடையும் இலவசமாயின.

ஆயினும் சப்பாத்து, கொப்பி, போக்குவரத்து, மாலை வகுப்புக் கட்டணம், பாடசாலை கேட்கும் சிறுசிறு பணம் ஆகிய சீட்டுகள் இன்றும் பெட்டியில் உள்ளன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் கொப்பியின் விலை ஏறியபோது, எத்தனை வீட்டில் யாருடைய படிப்பை நிறுத்துவது என்ற பேச்சு எழுந்திருக்கும்!

இவ்விளையாட்டை மாணாக்கர்க்கு மட்டும் விடுவது தகாது. ஏழைச் சிறுவன் அதிற் புதிதாகக் கற்பது யாதுமில்லை; பலர் நடுவே அவன் வீட்டை அரங்கேற்றுவது அவனுக்கு நோவாகவும் முடியும். அந்நோவை யானும் அறியாது செய்துவிட்டேனோ என்ற ஐயம் எனக்குண்டு. மணி அடித்ததும் யாம் கொட்டைகளைப் பெட்டியில் இட்டு மூடினோம். அவனுக்கோ ஆட்டம் வீட்டில் தொடர்ந்தது. ஆகலின் முதலில் ஆடவேண்டியவர் ஆசிரியரும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரும், கல்வி அலுவலருமே ஆவர். நாட்டின் பெருவிதிகள் எம் கையில் இல்லை. சப்பாத்தில்லாதவனை வாயிலில் மறிப்பதும், பணம் கொணராதவன் பெயரை வகுப்பில் உரக்க வாசிப்பதும், வாராதவனை ஏனென்று கேளாது ஒறுப்பதும் எம் கையிலுள்ள விதிகள். அவற்றை நாளையே மாற்றலாம்.

எங்கள் ஊர்ப் பெயரிலே தேற்றா மரம் நிற்கிறது. அதன் கொட்டையைக் கலத்தில் உரைத்தால் கலங்கிய நீர் தெளியும். கலித்தொகையும் இதனை அறியும். அன்று புளியங்கொட்டையே எனக்குத் தேற்றாங்கொட்டையாயிற்று. இத்தவணை அறிக்கையில் அச்சிறுவன் பெயருக்கு நேரே, 'வீட்டுப் பொறுப்பைச் சுமந்துகொண்டு கற்கிறான்' என்று எழுதினேன்.