மருந்தின் பெயரைக் கேட்போம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களிடம் "டொக்டராகப் போறீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏழைக்கும் மருந்து எட்டும்படி செய்வதும் வைத்தியப் பணிதான் என்பதற்குப் பேராசிரியர் சேனக்க பிபிலே சான்று.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்க நேர்ந்தால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தப் பாமசிக்குப் போனாலும் காசுள்ளவருக்கே முழு மருந்தும் கிடைக்கும். மருந்தியல் அறிஞரான பிபிலே இந்த வித்தியாசத்தைக் குறைக்கவே பாடுபட்டார். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. தேவையான மருந்துகளைத் தெரிவு செய்து, உலக அளவில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கி, மருந்தின் பொதுப் பெயரிலேயே வழங்குவது அவரது வழி. பனடோல் வியாபாரப் பெயர். பரசிற்றமோல் மருந்தின் பெயர். 1977இல் அவர் கயானாவில் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது.

விலை குறைந்தால் தரமும் குறைவு என்று நம் வீடுகளில் பலர் பயப்படுகிறார்கள். மருந்தைப் பரிசோதித்துத் தரத்தை உறுதிப்படுத்துவது அரசின் கடமை. பொதுப் பெயரை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்பது நமது உரிமை. பெற்றோரே, அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள். நாளை வைத்தியராகப் போகும் தோழியரே, கேட்காமலே எழுதிக் கொடுங்கள்.