மருந்துக்கும் உண்டு பட்டப்பேரு!

ஹாஸ்டல்ல ‘பல்லி’, ஸ்கூல் செட்டுல ‘சோடாபுட்டி’, வீட்டுல ‘தம்பு’. உங்க நண்பனுக்கு இப்படி நாலு பேரு இருக்கலாம். ஆனா, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல போய் ‘பல்லி’யைத் தேடிப்பாருங்க. கிடைக்கவே மாட்டான்! அங்கே அவனுக்கு ஒரே பேர்தான்.

மருந்துகளுக்கும் இதே கதைதான் பாஸ். கம்பெனி வைக்கிற பிராண்ட் பேரு ஒண்ணு. நீட்டி முழக்கும் கெமிஸ்ட்ரி பேரு ஒண்ணு. இதுக்கு நடுவுல, உலகம் பூரா ஒரே மாதிரி இருக்கட்டும்னு உலக சுகாதார நிறுவனம் வைக்கிற பொதுப்பெயர் ஒண்ணு. மருந்து அகராதிகள், கையேடுகள், ஊக்கமருந்து தடைப் பட்டியல் எல்லாத்துலயும் ‘ரிஜிஸ்டர் பேரு’ இந்தப் பொதுப்பெயர்தான். பட்டப்பேரை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா என்ன ஆகும்?

மரியா ஷரபோவாவுக்கு ஆனதுதான் ஆகும்!

லாட்வியாவில் கண்டுபிடிக்கப்பட்ட இதய மருந்து ஒன்று. கடையில் அதன் பெயர் மில்ட்ரோனேட். பொதுப்பெயர் மெல்டோனியம். உடம்பு கொழுப்பை எரிக்கிறதைக் குறைச்சு, குளுக்கோஸை எரிக்க வைக்கும். குளுக்கோஸை எரிக்க ஆக்ஸிஜன் கம்மியா போதும். ரத்த ஓட்டம் குறைஞ்ச இதயத்துக்கு இது நல்லது. விளையாட்டு வீரர்களுக்கும் ‘நல்லது’ என்று யாரோ கண்டுபிடிக்க, கிழக்கு ஐரோப்பாவில் பலரும் விழுங்க ஆரம்பிச்சாங்க.

2015-ல் வாடா (‘வாடா போடா’ இல்லீங்கோ... உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை!) இந்த மருந்தைக் கண்காணிச்சது. அந்த ஆண்டு செப்டம்பரில் தடையை அறிவிச்சது. 2016 ஜனவரி 1-ல் தடை அமலுக்கு வந்தது. அதே மாதம் 26-ம் தேதி, ஆஸ்திரேலிய ஓப்பனில் ஷரபோவாவுக்கு டெஸ்ட். பாசிட்டிவ்! பத்து வருஷமா ‘மில்ட்ரோனேட்’ங்கிற பேருல சாப்பிட்டதாகவும், அதுக்கு ‘மெல்டோனியம்’னு இன்னொரு பேரு இருப்பது தெரியாதுன்னும் சொன்னார். பட்டியல் பற்றி வந்த மெயிலில் இருந்த லிங்க்கைத் திறக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். வேணும்னே ஏமாற்றவில்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இரண்டு ஆண்டு தடை. மேல்முறையீட்டில் அது 15 மாதமாகக் குறைந்தது. ‘தெரியாது’ன்னா தண்டனை குறையலாம், தப்பிக்க முடியாது. உடம்புக்குள்ளே என்ன இருக்கோ, அதுக்கு வீரர்தான் பொறுப்பு. விதி அப்படி!

இது பேரு இருக்கிற மருந்து. பேரே இல்லாத மருந்துன்னா?

2003-ல் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமைக்கு, பயன்படுத்தின சிரிஞ்ச் ஒண்ணு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஒரு தடகள கோச். லாஸ் ஏஞ்சலீஸில் டான் கேட்லினின் லேப் அதிலிருந்த மிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தது. உள்ளே இருந்தது டி.ஹெச்.ஜி. என்ற ஸ்டீராய்டு. எந்தக் கம்பெனியும் மருந்தா விற்காத சரக்கு. டெஸ்ட்டுல சிக்கக் கூடாதுங்கறதுக்காகவே தயாரானது. எந்த மருந்துப் புத்தகத்தைப் புரட்டியும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் அதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் உருவாக்கி, பிரிட்டிஷ் ஓட்டக்காரர் டுவைன் சேம்பர்ஸ் உட்பட பலரைப் பிடிச்சாங்க.

இந்த ஓட்டையை அடைக்க 2011-ல் பட்டியலில் ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. மனிதர்களுக்கான சிகிச்சைக்கு எந்த நாட்டு அரசும் அனுமதிக்காத மருந்துப் பொருள் எதுவானாலும் தடை. பேரு இருக்கணும்னு அவசியமே இல்லை!

ஜிம் பார்ட்டிகள் கொஞ்சம் கவனிங்க. ஜி.டபிள்யூ. 501516 என்று ஒரு சரக்கு. பொதுப்பெயர் இல்லை, வெறும் எழுத்தும் நம்பரும். மருந்தாக வளர்க்க ஆரம்பிச்சு, விலங்குகளில் புற்றுநோய் வந்ததால் பாதியில் கைவிட்டாங்க. ஆனா, அது ஸ்டாமினாவுக்குன்னு கள்ளச்சந்தைக்கு வந்திடுச்சு. 2013-ல் வாடாவே ‘தொடாதீங்க’ன்னு எச்சரிக்கை விட்டது. டப்பாவில் மருந்துப் பேருக்குப் பதிலா எழுத்தும் நம்பரும் இருந்தா, அது பாஸாகாத பேப்பர்னு புரிஞ்சுக்கங்க!

‘நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நாம என்ன விம்பிள்டனா ஆடுறோம்?’ என்கிறீர்களா? இருமல் சிரப் குடிச்சிருக்கீங்கதானே! நம்ம ஊரில் விற்கிற பல இருமல் சிரப்புகளில் டெர்பூட்டலின் இருக்கு. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து. தடைப் பட்டியலில் இருக்கு. போட்டி நாள் மட்டுமில்லை, எல்லா நாளும் தடை. பாட்டிலின் முன்பக்கம் பிராண்ட் பேரு பளிச்சுன்னு இருக்கும். டெர்பூட்டலின் பொடி எழுத்தில் இருக்கும். பிராண்ட் பேருக்குப் பின்னால ஒட்டுற ரெண்டு எழுத்து மாறினா, உள்ளே இருக்கிற மருந்தே மாறிடும். கேலோ இந்தியா யுனிவர்சிட்டி கேம்ஸ் வரைக்கும் நாடா (நம்ம நாட்டு ஊக்கமருந்து தடுப்பு முகமை) சோதனைக்கு வருது மக்கா!

அதனால, டீம்ல இருக்கிறவங்க மூணே மூணு விஷயம் செய்யுங்க. பாட்டிலையோ அட்டையையோ திருப்பி, பொதுப்பெயரைப் படிங்க. பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் புதுசாகும். போன வருஷத்து ஞாபகத்தை நம்பாதீங்க. டாக்டர்கிட்ட ‘நான் போட்டியில் கலந்துக்கிறேன்’னு முதல்லயே சொல்லுங்க. அந்த மருந்துதான் வேணும்னா, சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கு. அதுக்காக ஆஸ்துமாவோட மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட வேண்டாம்!

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துது. மேனேஜர், டாக்டர், வக்கீல்னு ஒரு படையே இருந்த ஷரபோவாவுக்கே இன்னொரு பேரு தெரியாமப் போச்சு. தமிழ் மீடியத்தில் படிச்சு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்து, 400 மீட்டர் ஓடுற பொண்ணுக்கு யார் சொல்வாங்க? வாடா பட்டியலின் அதிகாரபூர்வ மொழி ஆங்கிலமும் பிரெஞ்சும். அவளுக்குத் தெரிஞ்ச நிபுணர்கள் பி.டி. சாரும் மெடிக்கல் ஷாப் அண்ணனும்தான். ‘தெரியாது’ன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னா, தெரியப்படுத்துறதும் யாரோ ஒருத்தரோட கடமையா இருக்கணும் இல்லையா?

காலேஜ் ஸ்போர்ட்ஸ் ரூமில் கோப்பைகள் அடுக்க இடம் இருக்கு. அந்த அலமாரிக்குப் பக்கத்துல, வருஷா வருஷம் தமிழில் எழுதி ஒட்ட ஒரு பேப்பருக்கும் இடம் இருக்கும். செலவு, ஒரு ஜெராக்ஸ் காசு. யார் ஒட்டப் போறீங்க?