வழித்துணை



இயேசுவின் வளரும் பருவத்தைப் பற்றி நற்செய்திகள் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கின்றன. லூக்கா மட்டும் அப்பருவத்திலிருந்து ஒரேயொரு நிகழ்ச்சியை நமக்கு எடுத்துரைக்கின்றார். அது ஒரு பயணத்தின் கதை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் பெற்றோருடன் பாஸ்கா விழாவுக்காக நாசரேத்திலிருந்து எருசலேமுக்குச் செல்கிறான். மேடும் பள்ளமுமாக நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்த வழியைக் கால்நடையாகக் கடக்கப் பல நாள்கள் வேண்டியிருந்தன. ஒரு பிள்ளையும் அதன் பெற்றோரும் ஒருவரையொருவர் புதிதாக அறிந்துகொண்டதை எடுத்துக்காட்ட, நற்செய்தியாளருக்கு அந்த வழியே போதுமானதாக இருந்தது.

நமது மலையகத்து வாழ்வை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் அடுப்பு மூட்டி, பிள்ளைகளை எழுப்பிவிட்டு, பிரட்டுக்கு ஓடுகிறாள் தாய். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்துத் திரும்புகிறாள். “சாப்பிட்டாயா? படித்தாயா?” என்ற இரு கேள்விகளோடு அன்றைய உரையாடல் முடிந்துவிடுகிறது. ஒரே லயத்துக் காம்பராவில் உறங்கும் தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறியாமலே ஆண்டுகள் கழிகின்றன.

அதே தாய், ஆவணித் திருவிழாவுக்கு மடுமாதாவிடம் போகும்போது பிள்ளையோடு மணிக்கணக்கில் அருகருகே அமர்கிறாள். கையில் கூடை இல்லை. மேற்பார்வை செய்யும் கங்காணியும் இல்லை. தன் சிறுவயதைப் பற்றியும், தான் பாதியில் விட்ட படிப்பைப் பற்றியும் அன்றுதான் அவள் பேசுகிறாள். கட்டுச்சோற்றில் தனக்குரிய பங்கையும் அவள் தன் பக்கம் தள்ளிவைப்பதைப் பிள்ளை அன்றுதான் கவனிக்கிறது. தன் மகன் அடுத்திருக்கும் முதியவருக்கு எழுந்து இடம் கொடுப்பதைத் தாயும் அன்றுதான் காண்கிறாள்.

பிள்ளைகளின் ஆழமான கேள்விகள் பெரும்பாலும் நடக்கும்போதே பிறக்கின்றன. மோரியா மலையை நோக்கி ஆபிரகாமும் ஈசாக்கும் சேர்ந்து நடந்தபோதுதான், பலிக்குரிய ஆடு எங்கே என்று மகன் தந்தையைக் கேட்டான். இறைவனின் கட்டளைகளை வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்குமாறு இணைச்சட்ட நூல் பெற்றோரைப் பணிக்கின்றது. வழியும் ஒரு பள்ளிக்கூடமே என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

நாமோ வழியிலே உருவான மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மூதாதையர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே மாத்தளை வரை நடந்தனர். பசியும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே பலிகொண்டன. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் குடும்பம் குடும்பமாகவே வந்து குடியேறினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானபோது, அதே வழி கண்ணீரின் வழியாயிற்று. மலைநாட்டு நிலையங்களில் ஏறித் தலைமன்னாரில் கப்பலேறிய பெற்றோர் சிலர், வளர்ந்த பிள்ளைகளை இங்கேயே விட்டுச் சென்றனர். 2023ஆம் ஆண்டு, இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டபோது, அந்தப் பழைய காலடிகளே மீண்டும் பேசின. சேர்ந்து பயணம் செய்யக் கிடைப்பது எத்துணை பெரிய பேறு என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

இன்று இன்னொரு மாற்றமும் நிகழ்கின்றது. அடையாள அட்டைக்காகவோ கடவுச்சீட்டுக்காகவோ, வைத்தியசாலைக்காகவோ நகருக்குச் செல்லும்போது, பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பது மகள். சிங்களத்தில் உள்ள விண்ணப்பத்தை நிரப்புவதும் அவளே. சிறுவயதில் கைப்பிடித்து அழைத்துச் சென்ற தாயை இன்று அவள் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறாள். இவ்விடத்தில் இருவருக்கும் ஒரு சோதனை உண்டு. “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்ற வெட்கத்தில் தாய் ஒடுங்கிவிடலாம். “அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது” என்ற இகழ்ச்சி பிள்ளையின் உள்ளத்தில் முளைக்கலாம். அந்த எழுத்துகளைக் கற்பதற்கான விலை எந்தக் கொழுந்துக் கூடையிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளை மறக்கலாகாது. தன் பிள்ளையின் துணையை ஏற்பது தாழ்வன்று. தான் விதைத்ததை அறுப்பதே என்பதைத் தாயும் உணர வேண்டும்.

மீண்டும் லூக்காவிடம் வருவோம். திரும்பும் வழியில் மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் முழுவதும் மகன் உடனில்லாமலே நடந்தனர். உறவினர் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணிக்கொண்டனர். இவ்வரி இன்று நம் தோட்டங்களில் எத்தனையோ இல்லங்களின் கதை அல்லவா? தாய் மத்திய கிழக்கில், தந்தை கொழும்புக் கடையில், பிள்ளை பாட்டியிடம். வறுமை பிரித்த குடும்பத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும், “யாரோ பார்த்துக்கொள்வார்கள்” என்று அமைதியடைவது ஆபத்தானது. பிள்ளை உடன் வரவில்லை என்று அறிந்தவுடன் மரியாவும் யோசேப்பும் வந்த வழியே திரும்பினர். மூன்று நாள்களுக்குப்பின் கண்டனர். அவன் தந்த விடை அவர்களுக்கு விளங்கவில்லை. எனினும் தாய் அதை உள்ளத்தில் பதித்துவைத்தாள். மகனோ அவர்களுடன் நாசரேத்துக்குச் சென்று பணிந்து நடந்தான். விளங்காததைச் சுமக்கப் பெற்றோர் கற்றனர். அறிவில் சிறந்திருந்தும் உடன் செல்ல மகன் இசைந்தான்.

ஆகவே, பெற்றோரே, மடுவுக்கோ தலவிலைக்கோ செல்லக் கையில் பணம் இல்லையெனினும் கவலை வேண்டாம். ஞாயிறு திருப்பலிக்கு நடக்கும் அந்த ஒற்றையடிப் பாதையே போதும். கைத்தொலைபேசியைப் பைக்குள் வையுங்கள், பிள்ளையைப் பேசவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருவோரே, கொண்டுவரும் பொருள்களோடு ஒரு நாளையும் உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். அவர்களோடு எங்கேனும் சென்று வாருங்கள். பிள்ளைகளே, ஏற்றத்தில் உங்கள் தாயின் நடை தளரும்போது முன்னே ஓடிவிடாதீர்கள். சற்று நின்று, கைகொடுத்து அழைத்து வாருங்கள்.

நாசரேத்தின் திருக்குடும்பம் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் வழித்துணையாக வருவதாக!