மலையேறும் பழைய வண்டிகளும் மாற்று எஞ்சின்களும்

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்குள் செல்லும் பாதைகளை ஒரு தடவையாவது கண்டவர்களுக்கு, அங்கே அரை நூற்றாண்டு வயதைக் கடந்த லான்ட் ரோவர் வண்டிகள் ஏன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை. பிரதான வீதியில் இருந்து பிரிந்து ஒரு மைல் போவதற்குள் தார் முடிந்துவிடும். அதன் பின்னர் கருங்கல்லும் சேறும்தான். ஒருகாலத்தில் துரைமாரின் பாவனைக்காகத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த இந்த வண்டிகள் பல கை மாறி, இன்று வாடகைக்கு ஓடுகின்றன. மரக்கறி மூட்டை, சீமெந்து, ஆசிரியர்கள், சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் என்று எல்லோரையும் எல்லாவற்றையும் சுமக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் வந்து நிற்பதும் பல இடங்களில் இதே வண்டிதான்.

இத்தகைய வண்டியின் எஞ்சின் ஓய்ந்துபோனால் என்ன செய்வது? 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது என்றாலும், வரிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரு நான்கு சக்கர இயக்க வாகனத்தின் விலை தோட்டத்துச் சாரதியின் ஆயுட்கால உழைப்பைத் தாண்டிவிடும். ஆகவே எஞ்சினை மாற்று என்கிறார்கள். எந்த எஞ்சின் என்பதில்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம்.

நான் எஞ்சின் நிபுணன் அல்லன். ஆனால் இந்த விடயத்தில் வழங்கப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, வண்டியை ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்கி விளையாடுவோருக்கு ஏற்றவை என்பதே என் அபிப்பிராயம். அதையே உழைப்பவனுக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

பொகவந்தலாவைப் பகுதியில் எனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருப்பது 1968ஆம் ஆண்டின் 109 அங்குல நீளச் சில்லிடைவெளி கொண்ட லான்ட் ரோவர். அதன் பெற்றோல் எஞ்சின் எண்ணெயைக் குடித்து நீலப் புகை கக்கத் தொடங்கிவிட்டது. மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தவர், பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளை இரண்டு நாள் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார். “ஐயா, ஒருத்தன் வி-எட்டு போடச் சொல்றான். இன்னொருத்தன் இசுசு லொறி எஞ்சின் போட்டா மலையையே இழுக்கும்கிறான். காசு ஒரு தடவைக்குத்தான் இருக்கு. எதைப் போடுறது?” என்று கேட்டார்.

காசு ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது. எந்த ஆலோசனையையும் உரசிப் பார்ப்பதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.

முதலில் அந்த வண்டி எதற்காகப் படைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். லான்ட் ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அப்போது அதில் இருந்தது 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின். 1958இல் இரண்டாவது வரிசை வந்தபோது 2,286 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. மலையகத்தில் நாம் காணும் பழைய வண்டிகளில் பலவும் இந்த எஞ்சினுடன் வந்தவை. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட குதிரைவலு, ஏறத்தாழ 168 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. இன்றைய சிறிய கார்களே இதைவிடக் கூடிய வலுவைத் தருகின்றன. ஆயினும் அந்த வண்டி மலையேறியது. தாழ்ந்த கியரில், குறைந்த சுற்றில், நின்று நிதானித்து இழுக்கும் விதத்தில் அதன் பற்சக்கரங்கள் அமைந்திருந்தமையே காரணம். கியர் பொக்ஸ், பின் அச்சு, பிரேக் யாவும் அந்த எஞ்சினின் அளவுக்கே வார்க்கப்பட்டவை.

இசுசு லொறி எஞ்சின் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. 3.9 லீற்றர் கொண்ட அந்த 4பிடி1 டீசல் எஞ்சினை அவுஸ்திரேலிய இராணுவமே தனது லான்ட் ரோவர்களில் 1980களில் இருந்து பாவித்தது. அடித்தாலும் சாகாத எஞ்சின் என்று அதற்குப் பெயர். ஆனால் அந்த இராணுவ வண்டிகள் அதற்கெனவே பலப்படுத்தப்பட்டவை. கியர் பொக்ஸும் வேறு. 1968ஆம் ஆண்டு வண்டியில் அதை இறக்கினால், பழைய எஞ்சினைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முறுக்குவிசை அந்தப் பழைய கியர் பொக்ஸுக்குள் பாயும். தாழ்ந்த கியரில் அது மேலும் பன்மடங்காகிப் பின் அச்சுக்குப் போகும். அக்காலத்து வண்டிகளின் பின் அச்சுக்கம்பிகள் பழைய எஞ்சினுக்கே முறிந்தவை. 1970களில் நீள வண்டிகளுக்கு வேறு வகையான, பலமான பின் அச்சைத் தொழிற்சாலையே பொருத்த நேர்ந்தது. போதாக்குறைக்கு, லொறி எஞ்சினின் பாரம் முன் வில்லுகளை அழுத்தும்; ஸ்ரியரிங்கைத் திருப்பக் கை வலிக்கும். லொறியில் இருந்து கழற்றியது 24 வோல்ற்றாக இருந்தால், ஸ்ரார்ட்டரில் இருந்து மின்குமிழ் வரை தலைவலிதான்.

வி-எட்டு பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 3.5 லீற்றர் ரோவர் எஞ்சின் அலுமினியத்தால் ஆனது, பாரம் குறைந்தது, அதன் ஓசையும் இனிமையானது. பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறிய ஒரு நாட்டில், வாடகைக்கு ஓடும் ஒருவரிடம் அதைப் போடச் சொல்வது எந்த வகை நட்பு என்று தெரியவில்லை.

லான்ட் ரோவரின் சொந்த 200டிடிஐ டீசல் எஞ்சினை ஆதரிப்போரின் கட்சி சற்றுப் பலமானது. 1989இல் வந்தது, 2,495 கன சென்ரிமீற்றர், டேர்போ உண்டு, கணினி கிடையாது. பழைய எஞ்சினின் வம்சத்தில் வந்தது ஆகையால் பழைய கியர் பொக்ஸின் முகத்தோடு பெரிய வேலையின்றிப் பொருந்தும். உயரத்துக்கும் அது ஏற்றது. ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் ஏற்றத்துக்கும் டேர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழப் பத்து வீதம் வலுவை இழக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் இது சிறிய இழப்பன்று. டேர்போ அதில் பெரும்பகுதியை ஈடுசெய்யும். ஆனால் இதன் முறுக்குவிசையும் 265 நியூட்டன் மீற்றர். சாரதியின் வலது கால் நிதானம் உள்ளதாக இருந்தால் கியர் பொக்ஸ் பிழைக்கும். சம்பளத்துக்கு ஓட்டும் வாலிபனிடம் வண்டியைக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். உதிரிப்பாகத்துக்குக் கொழும்புக்குத்தான் வர வேண்டும் என்பது மற்றக் குறை.

எனது தெரிவு கவர்ச்சியற்றது. நிசான் கரவன் வான்களில் வந்த டிடி27 என்னும் டேர்போ இல்லாத 2.7 லீற்றர் டீசல் எஞ்சின். ஏறத்தாழ 85 குதிரைவலு, 177 நியூட்டன் மீற்றர் அளவிலான முறுக்குவிசை. அதாவது பழைய எஞ்சினைவிட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். அதுவே அதன் சிறப்பு. கியர் பொக்ஸுக்கும் அச்சுக்கும் தங்கள் வாழ்நாளில் கண்டிராத சுமை எதுவும் வந்துவிடாது. எஞ்சினின் உட்புற நேரச் சக்கரங்கள் பற்சக்கரங்களாகவே அமைந்திருப்பதால், பட்டி அறுந்து வால்வு வளையும் விபரீதம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இலங்கையில் வான் ஓடாத ஊர் இல்லை. ஹற்றனிலோ நாவலப்பிட்டியிலோ உள்ள ஒரு கராஜ்காரர் அந்த எஞ்சினைப் பல தடவை கழற்றிப் பூட்டியிருப்பார். நடு மழையில் பாதையோரம் நின்றுபோனால் குதிரைவலு உதவிக்கு வராது; அந்த மனிதர்தான் வருவார்.

‘டொல்பின்’ வான்களின் டொயோட்டா 3எல் எஞ்சினையும் இதே காரணத்துக்காக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதில் நேரப் பட்டி உண்டு, காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும்.

சொந்த எஞ்சின் இல்லாவிட்டால் வண்டியின் ஆத்மாவே போய்விடும் என்று வருந்தும் அன்பர்கள் டார்ஜிலிங் பக்கம் பார்க்கலாம். மானேபஞ்சாங்கில் இருந்து 3,636 மீற்றர் உயரத்துச் சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வதில் 1950களின் லான்ட் ரோவர்கள் பெயர் பெற்றவை. அவற்றில் பலவற்றுக்கு இந்தியாவிலே கிடைக்கும் டீசல் எஞ்சின்களைப் பொருத்திக்கொண்டார்கள். கிடைப்பதைக் கொண்டு வண்டியை ஓடவைத்ததால்தான் அவை நூதனசாலைக்குப் போகாமல் இருந்தன.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய பிரித்தானிய எஞ்சின்கள் அந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொண்டன. அவற்றைவிட நவீனமான எஞ்சின்களுக்கு அது ஒத்துவரவில்லை. புதியதுதான் எப்போதும் மேல் என்று எவராவது சொன்னால் அந்தப் புகை மணம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

சரி, எஞ்சினைத் தெரிந்தாயிற்று. அதைப் பொருத்தும் வேலையில்தான் பணமும் உயிரும் தங்கியிருக்கின்றன. அந்நிய எஞ்சினையும் பழைய கியர் பொக்ஸையும் இணைக்க நடுவில் ஒரு இணைப்புத் தட்டைக் கடைந்தெடுக்க வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் கியர் பொக்ஸின் முன் பெயரிங் சில மாதங்களில் தேய்ந்துவிடும். ஆட்கள் எஞ்சினைத் திட்டுவார்கள். நல்ல கடைசல்காரருக்குக் கொடுக்கும் கூலியில் மிச்சம் பிடிக்கலாகாது.

அதைவிட முக்கியமானது பிரேக். பெற்றோல் எஞ்சின் தன் உறிஞ்சுகுழாயில் உண்டாகும் வெற்றிடத்தால் பிரேக் பூஸ்ரருக்கு உதவுகிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் உண்டாவதில்லை. அதற்கென ஒரு வெற்றிடப் பம்பி வேண்டும். யப்பானிய வான் எஞ்சின்கள் பலவற்றில் அது ஒல்ரனேற்றரின் பின்புறத்திலேயே இருக்கும். பாவித்த எஞ்சினை வாங்கும்போது, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒல்ரனேற்றரை மட்டும் வேறு வகையாக மாற்றிவிடுகிறார்கள். பூஸ்ரர் உள்ள வண்டியில் இப்படிச் செய்தால், பத்துப் பேருடன் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது மிதி கல்லாகிவிடும். எஞ்சின் எப்படி ஏறும் என்று கேட்பவர்கள், எப்படி இறங்கும் என்று கேட்பதே இல்லை.

பற்சக்கர விகிதத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பழைய லான்ட் ரோவரின் அச்சு விகிதம் 4.7. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 2,800 சுற்றுச் சுற்றும். டீசல் எஞ்சின் அலறும். ரேஞ்ச் ரோவரின் 3.54 விகிதத்தைப் போட்டால் அது 2,100 அளவுக்கு இறங்கும், காதுக்கும் எரிபொருளுக்கும் நல்லது. கண்டி வீதியில் ஓடுபவர்களுக்கு இது சரி. தோட்டத்துக்குள்ளேயே சுற்றுபவர்கள் 4.7ஐ விட்டுவிடக் கூடாது. அலறட்டும், பாதகமில்லை, ஏற்றத்தில் அந்த விகிதம்தான் காப்பாற்றும்.

அப்புறம் காகித வேலை. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் வகை எல்லாம் உள்ளன. மூன்றும் மாறுகின்றன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இவற்றைத் திருத்திக்கொள்ளாமல் ஓடும் வண்டிகள் மலையகத்தில் எத்தனையோ. விபத்தொன்று நேர்ந்து காப்புறுதி நிறுவனம் சான்றிதழையும் எஞ்சினையும் ஒப்பிடும்போதுதான் அதன் விலை தெரியும். எனவே எஞ்சினை வாங்கும்போதே அது எங்கிருந்து வந்தது என்பதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் எஞ்சின் வாங்க வேண்டாம். 2008இல் அறிமுகமான புகைப் பரிசோதனையும் இருக்கிறது. தேய்ந்த இன்ஜெக்ரர்களோடு டீசல் வண்டி அதில் தேறாது.

பொகவந்தலாவை நண்பருக்கு நான் முதலில் சொன்னது வேறு. எதையும் வாங்குமுன் பழைய எஞ்சினைக் கழற்றி, சிலிண்டரையும் கிராங்கையும் அளந்து பார்க்கச் சொன்னேன். சட்டகம் வெடிக்காமல் இருந்தால், சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்கிப் புதிய பிஸ்ரன் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். தட்டும் வேண்டாம், திணைக்களமும் வேண்டாம். அவருடைய எஞ்சினில் சட்டகத்திலேயே வெடிப்பு இருந்தது. ஆகவே டிடி27. எஞ்சின் வாங்கிய பின் எஞ்சிய பணத்தில் பிரேக் சிலிண்டர்களையும் றேடியேற்றரையும் முதலில் செய்யச் சொல்லியிருக்கிறேன், சீற்றுக்கு உறை தைப்பது பிறகு.

பழைய எஞ்சினைக் கழற்றிய கையோடு இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுபவர்கள் உண்டு. வேண்டாம். வெடித்த சட்டகமானாலும் அதன் தலைப்பாகம், காபரேற்றர், ஒயில் பம்பி, கிராங்க் எல்லாம் இன்னொருவரின் வண்டிக்கு உயிர் கொடுக்கும். வெடிக்காத எஞ்சினானால் துளைகளில் எண்ணெய் ஊற்றி, வாய்களைத் துணியால் அடைத்து, ஈரம் படாத பலகையின்மேல் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.