நமக்கு மகமை இல்லை, நூலக வரி இருக்கிறது

வீட்டு வரி ரசீதை யாரும் படிப்பதில்லை. பணத்தைக் கட்டியாச்சு, ரசீதைக் கிழிச்சு வாங்கியாச்சு, பரணில் செருகியாச்சு. தோழர்களே, ஒரு தடவை அதை எடுத்துப் படியுங்கள். வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' என்று ஒன்று இருக்கும். வீட்டு வரியில் நூற்றுக்குப் பத்து. ஊருக்குள் மாடி வீட்டுக்காரன் கட்டுவதைப் போலவே சேரியில் ஓட்டு வீட்டுக்காரனும் அதைக் கட்டுகிறான். பட்டாசு ஆலையில் மருந்து அள்ளுகிற கை, தீப்பெட்டி ஒட்டுகிற கை, சிவகாசி அச்சாபீசில் நோட்டுப் புத்தகம் தைக்கிற கை, எல்லாக் கையும் கட்டுகிற வரி இது. கட்டின பணம் எங்கே போகுது, யார் செலவழிக்கிறா, எந்தப் புத்தகத்துக்குச் செலவழிக்கிறா என்று கேட்க மட்டும் அந்தக் கைகளுக்கு உரிமை இல்லை. இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாம்தான் கேட்டதில்லை.

நான் கவிதை எழுதுகிறவன். ஆனால் இதைக் கவிஞனாக எழுதவில்லை, பேங்க் கிளார்க்காக எழுதுகிறேன். காரணம், இது கணக்கு விவகாரம். கணக்கு என்றாலே நம் இயக்கத் தோழர்களுக்குக் கொட்டாவி வருது. மேடையில் அறிவாயுதம் என்று முழங்குவோம். அந்த ஆயுதம் இருக்கிற அறையின் சாவி யார் மடியில் தொங்குது என்று பார்க்க மாட்டோம்.

சாவியின் கதை இது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல காலம் உழைத்தார். கல்வி அமைச்சராக இருந்த அவிநாசிலிங்கம் அதை நிறைவேற்றினார். அந்தச் சட்டத்தில் இரண்டு விசயம் முக்கியம். ஒன்று, நூலகத்துக்கென்று தனி வரி. இரண்டு, மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அரசாங்கம் பார்த்துப் போடுகிற பிச்சையில் நூலகம் நடக்கக் கூடாது, மக்கள் காசில் மக்கள் குழு நடத்த வேண்டும் என்பதே இதன் உள்ளர்த்தம். கோவிலுக்கு அறங்காவலர் இருப்பதுபோல நூலகத்துக்கு இந்தக் குழு. நல்ல ஏற்பாடுதான். ஏட்டில்.

நடைமுறைக்கு வருவோம். வரியை வசூலிப்பது உள்ளாட்சி. வசூலித்ததை நூலக ஆணைக்குழுவின் கணக்கில் கட்ட வேண்டியதும் உள்ளாட்சிதான். கட்டுகிறார்களா? நகராட்சியும் மாநகராட்சியும் நூலக வரியை வசூலித்துவிட்டு, ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைப்பது இந்த மாநிலத்தில் ஊரறிந்த செய்தி. என் கவுண்டருக்கு ஒருத்தர் நூறு ரூபாய் கட்ட வருகிறார் என்று வையுங்கள். நான் வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையில் என் கையில் சஸ்பென்சன் ஆர்டர் இருக்கும். நியாயம்தான். ஒரு கிளார்க்கு செய்தால் கையாடல். நிர்வாகம் செய்தால் அதற்குப் பெயர் 'நிதி நெருக்கடி'. புத்தகம் வாங்கக் காசில்லை, நூலகருக்குச் சம்பளம் கூட்டக் காசில்லை, ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றக் காசில்லை என்று சொல்கிறபோதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாங்கின வரி எங்கே?

இங்கே விருதுநகர்ச் சீமையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இந்த ஊரில் வியாபாரம் செய்த நாடார்கள் மகமை என்று ஒன்று வைத்தார்கள். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தார்கள். சாணாரென்று சாதி இந்துக்களால் ஒதுக்கப்பட்டு, கோவிலுக்குள் விடாமல் அடித்து விரட்டப்பட்டவர்கள் அவர்கள். 1899-இல் சிவகாசி எரிந்தது அந்தப் பகையில்தான். அந்த மகமையில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலா அப்படி வந்தது. இதில் நான் பார்ப்பது காசை மட்டுமல்ல. காசுக்குக் கணக்கு வைத்தார்கள், கணக்குக்குக் குழு வைத்தார்கள், அந்தக் குழுவில் உட்காரத் தங்கள் பிள்ளைகளைப் பழக்கினார்கள். மேலே வந்த வழி அதுதான்.

நமக்கு மகமை கிடையாது. மூட்டை விற்றால்தானே மகமை? நாம் மூட்டையைச் சுமந்தவர்கள். கடைவீதியில் நமக்குக் கடை இல்லை. நிலமில்லை, பேட்டை இல்லை. ஆனால் இந்த நாட்டில் நம்மிடமிருந்து சட்டப்படி வசூலித்து, சட்டப்படி அறிவுக்கென்று ஒதுக்கின பணம் ஒன்று இருக்கிறது. நூலக வரி. நம் மகமை அதுதான். அதைத் தானம் மாதிரி நினைத்துக் கும்பிட்டு நிற்க வேண்டியதில்லை. கணக்குக் கேட்க வேண்டும், குழுவில் உட்கார வேண்டும்.

உட்காருவது லேசா? 2006-க்குப் பிறகு கிராமத்துக்குக் கிராமம் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகக் கட்டடம் வந்தது. அதன் பொறுப்பு ஊராட்சிக்கு. அப்படியென்றால் அந்த நூலகத்தின் அறங்காவலர் பஞ்சாயத்துத் தலைவர். தனித் தொகுதி என்றால் நம்ம ஆள். இதே விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலை நினைத்துப் பாருங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்ந்து பத்து வருசம் ஒரு தலித்தைத் தலைவராக உட்கார விடாத ஊர். மனு போட ஆளில்லை, போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006-இல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவு முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டது எதற்காக? தலைவரானதற்காக. நாற்காலிக்கே இந்த விலை என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதற்கு என்ன விலை? தலைவர் நம்ம அக்கா, கணக்கு நோட்டு ஊர்க்காரன் வீட்டில். தலைவர் நம்ம அண்ணன், நூலகச் சாவி துணைத்தலைவர் இடுப்பில். நான் போய்ப் பார்த்த ஊர்களில் நூலகம் ஊருக்குள் இருந்தது. சேரிப் பிள்ளை அங்கே போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்ன தெருவழியே போய்த்தான் பேப்பர் படிக்க வேண்டும் என்றால் அது பொது நூலகமா?

'பொது' என்ற சொல்லுக்கு மஹத் குளம் பதில் சொல்லும். 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொது இடங்கள் எல்லாருக்கும் என்று தீர்மானம் போட்டது. மஹத் நகராட்சி குளத்தைத் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதியது. 1927-இல் பாபாசாகேப் ஆயிரக்கணக்கான பேரோடு நடந்துபோய் அள்ளிக் குடித்தபோதுதான் அது பொதுக் குளமாக ஆகத் தொடங்கியது. அவர் அதோடு நிற்கவுமில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி அடுத்த வருசமே சித்தார்த்தா கல்லூரியை நடத்தினார். தண்ணீர் குடிக்கவும் சொன்னார், குளத்தை நிர்வகிக்கவும் சொன்னார். நாம் முதல் பாதியைச் சிலையாக வைத்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிட்டோம்.

அமெரிக்கக் கறுப்பர்களும் இந்த இரண்டு பாதியையும் செய்தார்கள். 1961-இல் ஜாக்சன் நகரத்தில் டுகாலூ கல்லூரியின் ஒன்பது மாணவர்கள் வெள்ளையருக்கான நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தார்கள். படித்ததற்காகக் கைதானார்கள். அதற்கும் முன்னால், 1905-இல் லூயிவில் நகரத்தில் தாமஸ் பவுண்டன் புளூ என்ற கறுப்பர் கறுப்பு மக்களுக்கான நூலகக் கிளையைப் பொறுப்பேற்று நடத்தினார். அங்கேயே மற்றக் கறுப்பர்களுக்கு நூலகப் பயிற்சியும் கொடுத்தார். நுழைவது போராட்டம். நடத்தப் பழகுவதும் போராட்டம்தான்.

ஆகவே பயிற்சி. இந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. தலைவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடக்குது: பிளாஸ்டிக் பை, பேனா, சாப்பாடு, போட்டோ. இதுவா பயிற்சி? ஒரு குழு உறுப்பினருக்குத் தெரிய வேண்டியது கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று கட்டத்தையும் படிக்க. தணிக்கைக் குறிப்பைப் புரிந்துகொள்ள. புத்தக இருப்பைச் சரிபார்க்க. வாங்குகிற புத்தகப் பட்டியலில் அயோத்திதாசர் இருக்கிறாரா, அம்பேத்கர் தொகுதிகள் இருக்கா என்று கேட்க. இதைக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் வரும் என்று காத்திருந்தால் தலை நரைக்கும். நம் இயக்கத்தில் ஆடிட் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், நூலக அறிவியல் முடித்துவிட்டு வேலையில்லாமல் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தங்கச்சிகள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி நூலகம் எதற்கு என்கிறார்கள். வங்கியில் லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அதிகாரிக்குப் பயிற்சி உண்டு, கிளார்க்குக்குப் பயிற்சி உண்டு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நூறுநாள் வேலை அம்மாவுக்கு மட்டும் இல்லை. அவுக இன்னைக்கும் "தம்பி, இந்த பாரத்தை எழுதிக் குடு" என்றுதான் கேட்குறாக. நூலகத்திலும் அதேதான் நடக்கிறது. நான் பார்த்த ஒரு நூலகத்தில் கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். மாற்றலாகிப் போன ஒருவருக்குத்தான் பாஸ்வேர்டு தெரியுமாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-இலிருந்து ஆயிரக்கணக்கான பழைய நூல்களை இலவசமாகத் தருகிறது. துணி போர்த்தின பெட்டிக்கு அது தெரியாது. சென்னையில் 2010-இல் அண்ணா நூலகம், மதுரையில் 2023-இல் கலைஞர் நூலகம். மாளிகைகள். வேண்டாமென்று சொல்லவில்லை. மதுரைக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதில் இன்னொன்று, எது ஸ்கேன் ஆகிறதோ அதுதான் நாளைக்கு வரலாறு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழ் நடத்தினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்த எழுத்துக்கள் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வருகிறவரை எத்தனை பேர் கண்ணில் பட்டது? நம் சிறுபத்திரிகைகள் இன்றைக்கும் பரணில் கரையான் தின்னக் கிடக்கின்றன. மாவட்ட நூலகத்து ஸ்கேனர் எதைப் படம் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற மேசையில் நாம் இல்லையென்றால், நாம் எழுதவே இல்லை என்று நாளைக்குச் சொல்லுவார்கள்.

பட்டாசு வெடித்துச் சனம் கரியாகிற ஊரில் நூலகம் பேசுகிறாயா என்று ஒரு தோழர் கேட்டார். ஆமாம், அதனால்தான் பேசுகிறேன். 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கு 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. அந்த விதி முதலாளியின் பீரோவில் இருக்கிறது, அதிகாரியின் பைலில் இருக்கிறது. மருந்து அள்ளுகிறவள் ஊர் நூலகத்தில் தமிழில் இருக்கிறதா? சூலக்கரைப் பக்கம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசு வாசலில் மனு எழுதித் தருகிறவருக்குக் காசு கொடுத்து நிற்கிற சனத்தைப் பாருங்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது அவர்களைப் பற்றி எழுதப்பட்ட காகிதம்.

யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததற்கு நாமெல்லாரும் அழுதோம். அழ வேண்டியதுதான். ஆனால் நூலகத்தை அழிக்கத் தீ வைக்க வேண்டுமென்பதில்லை. வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் போதும், பூட்டுப் போட்டால் போதும்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த கிராம சபையில் எழுந்து, இந்த வருசம் நூலக வரி எவ்வளவு வசூல், எவ்வளவு கட்டினீர்கள் என்று கேளுங்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. அதிகாரி என்றாலும் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், முப்பது நாள்தான் கெடு. வாசகர் வட்டத்தில் பத்துப் பேராகச் சேருங்கள். ஒற்றை ஆளாகப் போகாதீர்கள். நூலகச் சுவரில் புரவலர் பெயர்ப்பலகை இருக்கும், அதில் நம் பெயர் எத்தனை என்று எண்ணுங்கள். கோவில் அறங்காவலர் குழுவிலேயே ஒரு பட்டியல் சாதியார், ஒரு பெண் இருக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் சொல்கிறது. சாமிக்கே அந்த விதி என்றால் சரசுவதிக்கு என்ன விலக்கு? மாவட்ட நூலக ஆணைக்குழுவிலும் அதைக் கேளுங்கள், பயிற்சியோடு கேளுங்கள்.

படிக்க இடம் கேட்ட காலம் போதும். கணக்கு நோட்டைக் கேட்போம்.